கடைசியில் வரும் கசப்பு

“அவசரப்படக் கூடாது சாமி. ஸ்டவுட்டை மொதல்ல கண்ணாலதான் குடிக்கணும்.”

கட்டிலில் சாய்ந்திருந்த பிலோமின்ராஜ் கண்ணாடித் தம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தினார். உள்ளே எஞ்சின் கரியைக் கரைத்தது போன்ற கறுப்பு. மேலே ஒரு விரற்கடை நுரை. பக்கத்து முக்காலியில் சீமைச் சீட்டு ஒட்டிய காலி ஸ்டவுட் பீர் பாட்டில்.

எதிரே ஸ்ரீனிவாசராகவன் நெற்றித் திருமண் சுருங்க உட்கார்ந்திருந்தார். பிலோமின்ராஜ் ரயில் ஓட்டிய நாளில் அவர் ஸ்டேஷன் மாஸ்டர். மஞ்சள் காமாலையில் விழுந்து எழுந்த சிநேகிதரைப் பார்க்க ஸ்ரீரங்கத்திலிருந்து தென்னூருக்கு ஜட்கா பிடித்து வந்தால், இங்கே இந்தக் கூத்து!

“ஓய் டிரைவர், இன்னும் ஒரு சொட்டு உள்ளே போனா ஈரல் தாங்காதுன்னு வைத்தியர் சொல்லலையா? உசிர் மேல ஆசையே இல்லையா உமக்கு?”

“வைத்தியருக்கு இதோட ருசி தெரியுமா? கேளுங்க. நாக்குல பட்டதும் புதுசா வறுத்த காப்பிக்கொட்டை வாசனை. அப்புறம் கருப்பட்டி மாதிரி ஒரு இனிப்பு. கசப்பு இருக்கே, அது கடைசிலதான் வரும், கார்டு வண்டி மாதிரி. சிவப்பு விளக்கைக் காட்டிட்டு மெதுவாப் போகும்.”

சொல்லிவிட்டு ஒரு வாய் குடித்தார். கண்கள் இறுக மூடின. இடது கை கட்டில் சட்டத்தைப் பற்றியது. மூச்சு வாங்கிக்கொண்டு கண்ணைத் திறந்தார்.

“இன்னிக்குக் கார்டு வண்டியை எஞ்சினுக்கு முன்னாலயே கோத்துட்டாங்க. ஆனாலும் அருமை! நீங்க குடிக்க வேணாம் சாமி, மோந்து மட்டும் பாருங்க.”

முகத்தைத் திருப்புவதற்குள் தம்ளர் மூக்கருகே வந்துவிட்டது. ஸ்ரீனிவாசராகவன் திடுக்கிட்டார். நிலவேம்பு! போன வாரம் ஸ்ரீரங்கத்து நாட்டுமருந்துக் கடையில் அவரே வாங்கி வந்து, இந்த வீட்டு அம்மாளிடம் கொடுத்த அதே நிலவேம்பு!

அடுக்களை வாசலில், கணவருக்குத் தெரியாமல், லூர்துராணி கைகூப்பிக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஸ்ரீனிவாசராகவன் பொய் சொல்லிப் பழகாதவர். ‘ரங்கா’ என்று மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டு வாயைத் திறந்தார்.

“சத்தியமாச் சொல்றேன் ஓய், இப்படி ஒரு ஸ்டவுட்டை நான் மோந்ததே இல்லை.”

“கேட்டியா லூர்து! சாமியே சொல்லிட்டாரு!”

வாழைப்பழம் தருகிற சாக்கில் லூர்துராணி அவரைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள்.

“கஷாயம்னாலே மூஞ்சியைத் திருப்பிக்கறாரு சாமி. அதான் பாட்டிலை அடுக்களைலயே வச்சுத் தெறந்து, நானே ஊத்திக் கொண்டாந்து குடுக்கறேன். கருப்பட்டியைக் கருக்கிப் போட்டு, ரெண்டு தம்ளரை வச்சு ஆத்தினா நுரையும் வந்துடுது. தெரிஞ்சா நிஜத்தையே குடிச்சுட்டு என்னை விட்டுட்டுப் போயிடுவாரு. சொல்லிடாதீங்க சாமி.”

“நல்லதுக்குத்தானேம்மா, பெருமாள் கோவிச்சுக்க மாட்டார். ஆமாம், பாட்டில்ல இருந்த ஸ்டவுட்?”

“அதுவா... அது போயிடுது சாமி.”

அவள் மேலுதட்டில் பழுப்பு நுரை ஒரு கோடாக ஒட்டியிருந்தது.

“காப்பியைப் பாதியில வச்சுட்டு வந்துட்டியா? ஆறிடப் போறது, போய்க் குடிம்மா.”

“காப்பி ஏது சாமி? இவரு ஈரல் நல்லாகணும்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டு, ஈஸ்டர் வரைக்கும் காப்பியை விட்டிருக்கேனே!” அவள் சட்டென்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

கஷாயத்துக்கு இனிப்புப் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்ட ஸ்ரீனிவாசராகவனுக்கு மனசு இளகிவிட்டது. இப்படி ஒரு பெண்சாதி வாய்க்க இந்த மனுஷன் என்ன புண்ணியம் பண்ணினானோ!

வழியனுப்ப வாசல் வரைக்கும் தடியை ஊன்றிக்கொண்டு வந்த பிலோமின்ராஜ், உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நிலவேம்பு நீங்க வாங்கிக் குடுத்ததுதானே சாமி?”

“உமக்குத் தெரியுமா!”

“மொத நாளே தெரியும். ஸ்டவுட்டுக்கு ஊத்தினாலே நுரை வரும். காப்பியே போடாத வீட்ல, அடுக்களைல ஆத்தற சத்தம் மட்டும் கேட்டா எனக்குப் புரியாதா?”

“தெரிஞ்சுமா அந்தக் கசப்பை ரசிச்சுக் குடிக்கிறீர்?”

“புகைல நின்னு கண்ணைக் கசக்கிக்கிட்டுக் காய்ச்சறா. வேணாம்னு சொல்ல மனசு வருமா?”

ஸ்ரீனிவாசராகவன் மேல்துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். பிறகு ஸ்டேஷன் மாஸ்டர் மூளை விழித்துக்கொண்டது.

“அப்போ கஷாயத்தைக் கஷாயம்னே கேட்டு வாங்கிக் குடியுமேன். குடிக்காத ஸ்டவுட்டை எதுக்கு ஓய் பாட்டில் பாட்டிலா வாங்கி வீணடிக்கறீர்?”

அடுக்களையிலிருந்து மாதா பாட்டு கேட்டது. லூர்துராணியின் குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உல்லாசமாக மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. பிலோமின்ராஜ் உதட்டில் விரலை வைத்தார்.

“காப்பியை விட்டதுலேர்ந்து தலைவலி, தூக்கமே இல்லாம தவிச்சுக்கிட்டிருந்தா சாமி. இப்பத்தான் பாட்டெல்லாம் வருது. நான் நிறுத்திட்டா, பாவம், அவ எதைக் குடிப்பா?”