ஒரே டேக்

சிவப்பு விளக்கு எரியும்போது ஷூட்டிங் ஃப்ளோர் கதவைத் திறக்கக் கூடாது.

அவள் திறந்தாள்.

உள்ளே அழுவது அவள் மகள். நடிப்பு இல்லை. பொய்யாக அழும்போது மகிதா மூக்கை உறிஞ்ச மறந்துவிடுவாள். இப்போது உறிஞ்சினாள்.

சடைக்கு ரிப்பன் இல்லை, கேரவனில் இருக்கிறது, நீங்களே எடுத்து வாங்க மேடம் என்று அனுப்பியிருந்தார்கள். மகிதாவின் சடையில் ரிப்பன் இருந்தது.

பஞ்சு மேகம். கம்பியில் தொங்கும் ஃபோம் கன்றுக்குட்டி. அதன் காலைக் கட்டிக்கொண்டு, "போகாத, போகாத" என்று கதறிக்கொண்டிருந்தாள் மகிதா. ஆறு வயது.

மேக்கப்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இருபத்துநான்கு வருடங்களுக்கு முன்னால் இதே காட்சியில் அழுதவள் அவள். பறக்கும் கன்றுக்குட்டி படம். தீபாவளிக்குத் தீபாவளி டிவியில் போடுகிறார்கள். வீடு வீடாக அழுகிறார்கள். அந்த இடம் வந்தால் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

கிளிசரின் போட்டால் குழந்தைக்குக் கண் எரியுமாம். அதனால் அன்றைய டைரக்டர் வேறு வழி வைத்திருந்தார். அவளுக்கு அண்ணனாக நடித்த ஜெபராஜின் காதில் ஒரு வரியைச் சொல்லி அனுப்பினார். பெரியவர்கள் சொன்னால் சந்தேகப்படுவாள். அண்ணன் சொன்னால் நம்புவாள்.

"பாப்பா, உங்கம்மா லாரில அடிபட்டு செத்துட்டாங்க."

ஒரே டேக்.

செட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த அம்மாவை, மத்தியான சாப்பாட்டுக்குப் பிறகுதான் கண்ணில் காட்டினார்கள்.

இன்று மானிட்டர் முன்னால் டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது ஜெபராஜ். அந்தப் படத்தையே திரும்ப எடுக்கிறான். உன் பொண்ணுதான் நடிக்கணும் பாப்பா என்று வீடு தேடி வந்தவன். கண்ணீரையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம் என்று மகிதாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவன்.

அவள் நேராக கேமராவுக்கு முன்னால் நடந்தாள்.

"கட்! கட்! யாருங்க அது, ஃபிரேம்ல?"

மகிதா அவளைப் பார்த்தாள். ஓடி வரவில்லை.

இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"நீ செத்துட்டேன்னு நந்து சொன்னான்."

அவள் மகளை அள்ளித் தூக்கினாள். குழந்தையின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அம்மாவின் கன்னத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள் மகிதா.

ஜெபராஜ் எழுந்து வந்தான். ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டான்.

"டென்ஷன் ஆவாத பாப்பா. ரெண்டே நிமிஷம். ஒரு க்ளோசப் மட்டும் எடுத்துக்கறேன்."

"அன்னிக்கு உன் வாயாலதான சொல்ல வெச்சாங்க. மறந்துட்டியாண்ணே?"

"மறந்திருந்தா இப்படி எடுத்திருப்பனா?"

பெருமையாகத்தான் சொன்னான்.

அவள் கை தானாக ஓங்கியது. இடுப்பில் குழந்தை. இறக்கினாள் கையை.

மேகத்தின் ஓரத்தில் நந்து நின்றான். இந்தப் படத்தின் அண்ணன். பத்து வயது இருக்கும். மானிட்டர் பக்கத்திலிருந்து அவன் அப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அவன் அங்கே பார்க்கவில்லை. மகிதாவையும் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

அவள் அவனிடம் போனாள்.

அடிக்கப் போகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, தோளைக் குறுக்கிக்கொண்டான். பிறகு அண்ணாந்து பார்த்தான்.

"ஷாட் ஓகேவா ஆன்ட்டி?"



அவள் மகளை இறக்கி அவன் பக்கத்தில் நிறுத்தினாள். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் காதை நல்லா பொத்திக்குங்க."

குட்டிக் கைகள் மேலே போகும்வரை பொறுத்தாள்.

பிறகு மானிட்டர் பக்கம் திரும்பினாள்.