குறைந்துகொண்டே வந்த தூரம்

அக்கா இறந்துபோன பிறகு மருந்துக்கடைக்காரி அந்த விளையாட்டைத் தொடவேயில்லை. முகம் தெரியாத யாரோ ஊருக்குள் ஒளித்துவைத்த சின்ன டப்பாவைத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. அக்காவுக்கும் அவளுக்கும் அதில் அப்படியொரு பைத்தியம். இருவரும் பாதியில் விட்ட தேடலை முடித்துவிடலாம் என்று அக்கா புருஷன்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைக் கிளப்பிக்கொண்டு வந்தார்.

நூலக வாசலில் நின்று, குறிப்பில் இருந்த திசையையும் தூரத்தையும் அவள் இடம் காட்டும் கைக்கருவியில் போட்டாள். கருவி கணக்குப் போட்டுப் போகவேண்டிய புள்ளியைக் காட்டியது. நடந்துபோய்ப் பார்த்தால் அது பூங்கா பெஞ்சில் விழுந்தது. டப்பாவும் பெஞ்சுக்கு அடியிலேயே ஒட்டியிருந்தது.

அசதியில் இருவரும் உட்கார்ந்தார்கள். கருவியோ இப்போது, அதே புள்ளி நூறு மீட்டர் தள்ளி நூலகப் பக்கம் இருப்பதாகக் காட்டியது. அவள் பார்க்கப் பார்க்க அந்தத் தூரம் தொண்ணூறானது, எண்பதானது.

"கெட்டுப்போச்சா மாமா?"

அவர் வாங்கிப் பார்த்தார். "காலைலதானே புது பேட்டரி போட்டேன்."

அறுபதில் எண் சற்று நின்றது. பிறகு மறுபடியும் குறைந்தது. வெயிலில் காய்ந்த நடைபாதையில் ஒரு ஆள்கூட இல்லை.

"அக்கா மூச்சு வாங்க நின்னிருப்பா," என்றாள் அவள். "எப்பவும் நின்னு நின்னுதானே வருவா."

"டப்பாதான் கிடைச்சிருச்சே. கிளம்பலாமா?" என்று கேட்டவர் எழுந்திருக்கவில்லை. பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து, நடுவில் ஒரு ஆளுக்கு இடம் விட்டார்.