படியும் மடியும்

"படி," என்றார் என் கணவர்.

காது மெஷின் பொருத்தித் தரும் பெண், கைபேசித் திரையில் இல்லையென்று தலையசைத்தாள். அவள் சொன்னது மடி.

படிக்கும் மடிக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். இவரோ பார்த்தே காலத்தை ஓட்டியவர். முடிதிருத்தும் கடையில் வாடிக்கையாளரின் வாயைக் கண்ணாடியில் பார்த்து, அதற்கேற்பப் பதில் சொல்லிவிடுவார். காது மந்தம் என்பது என்னைத் தவிர ஈ காக்கைக்குத் தெரியாது.

போன வாரம் குட்டு உடைந்தது. முகத்தில் போட்ட சூடான துண்டுக்கு அடியிலிருந்து ஒருவர், மீசையைத் தொடாதீர்கள் என்றிருக்கிறார். இவர் சுத்தமாக வழித்துவிட்டார்.

மீசை போனவர் போட்ட சத்தம் மட்டும் நன்றாகவே கேட்டது. அன்று இறக்கிய ஷட்டரை இன்னும் ஏற்றவில்லை. இனிக் கத்தியைத் தொடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

மெஷின் வையுங்கள் என்று நான் கரடியாய்க் கத்தியும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர், மெஷின் பார்சலில் வந்து, இந்தப் பெண் ஒரு தடவை சொன்னதும் போட்டுக்கொண்டார்.

போட்ட உடனே, நன்றாகக் கேட்கிறது என்று சான்றிதழும் கொடுத்துவிட்டார். அவள் நம்பவில்லை. எங்கோ உட்கார்ந்துகொண்டு, கணினியில் எதையெதையோ ஏற்றி இறக்கி, இவர் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். பக்கத்திலேயே இருந்தும் என்னால் முடியாத காரியம். என்ன பொறுமை அந்தப் பெண்ணுக்கு! கெட்டிக்காரி.

பணம், மணம். பாலை, மாலை. மெல்ல மெல்ல எல்லாம் சரியாக வந்தது.

பிறகு சும்மா பேச்சுக் கொடுத்தாள். கடையை எப்போது திறப்பீர்கள், உங்களுக்கு யார் முடி வெட்டுவது என்று. என் பெண்டாட்டிதான், தலையைப் பார்த்தால் தெரியவில்லையா என்று இவர் சிரித்தார்.

அப்போதுதான் கவனித்தேன். பேச்சு வந்துகொண்டிருக்கிறது, திரையில் அவள் வாய் மூடியே இருக்கிறது. இமைகூட அசையவில்லை. படம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர் தோளுக்குப் பின்னால் நின்று, திரையைச் சுட்டிக் காட்டினேன்.

"தெரியும்க்கா, நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்," என்றது அவள் குரல், மெதுவாக. "அண்ணாகிட்ட சொல்லிடாதீங்க."

"என்னம்மா அது, எங்கிட்ட சொல்லக் கூடாதது?" என்றார் இவர்.