வெள்ளையம்மாளின் விரல்

ரத்தத்தில் சர்க்கரை பார்த்துச் சொல்ல, அரசாங்கம் வீட்டுக்கு வீடு சுவரில் மாட்டிவிட்டுப் போன பேசும் பெட்டியைச் சடையப்பன் நம்பவே இல்லை. சர்க்கரை நோய் அவருக்குத்தான். ஆனால் காலையில் பெட்டி விரல் கேட்டதும் மனைவி வெள்ளையம்மாளின் விரலைப் பிடித்து வைத்துவிடுவார்.

"என் ரத்தத்த எவனுக்கு அனுப்புதோ! உனக்குத்தான் ஒண்ணுமில்லையே, நீ வை."

முதல் நாளே பெட்டி, "உங்கள் இலக்கு என்ன, ஐயா?" என்று கேட்டது.

"நீ வாய மூடணும்."

வெள்ளையம்மாள் சிரித்தாள். "நம்ம மக ரயில் ஓட்டுறதக் கண்ணால பாக்கணும்னு சொல்லுங்க." சனியன் விட்டால் போதும் என்று அவரும் அப்படியே சொன்னார்.

ஆறே மாதத்தில் பெட்டி கெஞ்ச ஆரம்பித்தது. "சடையப்பன் ஐயா, சர்க்கரை ஏறுகிறது. கண்ணுக்கு ஆபத்து. மகளைப் பார்க்க வேண்டாமா?"

"பாத்தியா புள்ள, நல்லா இருக்கிற உனக்கே சர்க்கரைன்னு புளுகுது!" தெருவெல்லாம் சொல்லி மூன்று வருஷம் சிரித்தார். போன மாதம் அவளுக்குப் பார்வை முழுக்க இருண்டு, டாக்டர் சர்க்கரை என்று சொன்னபோதுதான் சிரிப்பு நின்றது. அப்போதும் பெட்டியிடம் உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

நேற்று இருவரும் ஊர் ஸ்டேஷனில் நிற்க, மகள் ஓட்டிய ரயில் கடந்து போனது. ஹாரன் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "என்ன கலர் சட்ட போட்டிருக்கா?" என்று கேட்டாள் வெள்ளையம்மாள். ரயில் போய் மறைந்த பிறகுதான் அவர் நீலம் என்று சொன்னார்.

இன்று காலை பெட்டி கேட்டது: "மகளைப் பார்த்தீர்களா, ஐயா?"

"பாத்தாச்சுன்னு சொல்லுங்க" என்று வெள்ளையம்மாள் வழக்கம்போல விரலை நீட்டினாள்.

சடையப்பன் அந்த விரலை மெல்ல மடக்கிவிட்டு, முதல் தடவையாகத் தன் விரலை வைத்தார்.

"நான் பாத்தேன்" என்றார். "அவ பாக்கல."