பத்துக்கு மூணு ரிஜெக்ட்

"பத்து பேர்கிட்ட கேப்பாராம். மூணு பேரு நல்லால்லன்னுட்டா இன்னியோட வண்டிய மூடிடணுமாம்" என்றாள் சந்திரம்மாள். கரண்டியைச் சோற்று அண்டாவில் குத்தி நிறுத்தினாள்.

இசக்கிபாண்டிக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரு, பார்க் சாரா? லைன்லதான் பத்து பீஸ் எடுத்துப் பாத்து, மூணு ரிஜெக்ட்டுன்னா மொத்த லாட்டையும் தூக்கி எறிவாரு. சோத்துக்குமா யக்கா லாட்டு?"

"அவரு சொன்னா சொன்னதுதான் தம்பி. கெஸ்ட் ஹவுஸ் வேலய வுட்டுட்டு இத்த நம்பி வந்துட்டேன். இதுவும் போச்சுன்னா இன்னா பண்றதுன்னே தெரில."

ஒரகடத்தில் அந்தக் கார் பார்ட்ஸ் கம்பெனியின் இரண்டாம் கேட்டுக்கு வெளியே, கம்பெனி இடத்தில்தான் வண்டி நின்றது. 'கொரியா - ஹவாய் சாப்பாடு' என்று போர்டு. வந்த புதிதில், "ஹவாய் செருப்பு தெரியும், அது என்னப்பா ஹவாய் சோறு?" என்று சிரிக்காத ஆள் கிடையாது. சோற்றின் மேல் வடை மாதிரி தட்டிய சிக்கன், அதன் மேல் ஆஃப் பாயில், அதன் மேல் குழம்பு. அதுதான் ஹவாய். முட்டைக்கோஸைக் காரம் போட்டு ஊறவைத்த கிம்ச்சி, அது கொரியா. எல்லாம் கெஸ்ட் ஹவுஸில் கொரியாக்காரர்களுக்கு வேலை செய்தபோது சந்திரம்மாள் கற்றுக்கொண்டது என்று ஊரே பேசிக்கொண்டது. இரண்டே மாதத்தில் கூட்டம் அள்ளியது.

பார்க் சார் கொரியாக்காரர், கம்பெனியின் பெரிய தலை. தினமும் வருவார், ஒரு தட்டு வாங்குவார், வாய்க்கு வாய் முகத்தைச் சுளிப்பார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். மனுஷனுக்கு நாக்கில் என்னதான் கோளாறோ!

மூன்று மணிக்கு ஷிப்ட் விட்டது. பார்க் சார் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஷெர்லின், கையில் பேப்பரும் பேனாவும்.

"யாரும் பயப்பட வேணாம். உண்மையைச் சொன்னா போதும். பேர் எழுத மாட்டேன்" என்றாள் ஷெர்லின்.

முதல் ஆள் தொடங்கினான். "மொத நாளு அந்தக் கிம்ச்சிய மூக்கப் பொத்திக்கினுதான் துன்னேன். இப்ப அது இல்லாட்டி சோறே எறங்கல மேடம்."

ஹாஸ்டல் பெண் ஒருத்தி, "எங்க கேன்டீன் சாம்பார ஒருக்கா குடிச்சுப் பாருங்க. அப்பத் தெரியும் இந்தக் குழம்போட அருமை" என்றாள். கூட்டம் விசிலடித்தது.

ஐந்து பேர் வரைக்கும் நல்லதாகவே வந்தது. ஆறாவது ஆள் காலை வாரினான். "ஆஃப் பாயில் ரப்பராட்டம் கீது. நல்லால்ல."

"முட்ட நான் போட்டதுதான்" என்று சந்திரம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஏழாவது ஆள் நல்லது. எட்டாவது ஆள், "எனக்கு இந்த வாசனையே ஆவாது. பிரெண்டுக்கு வாங்க வந்தேன்" என்றான்.

"துன்னாமலே கருத்து சொல்றான் பாரு!" என்று எல்லோரும் அவன் மேல் பாய்ந்தார்கள். பார்க் சார் அதையும் ரிஜெக்ட் என்றே எழுதச் சொன்னார்.

ஒன்பதாவது ஆள் நல்லது. பாக்கி ஒரே ஒருத்தன். ஷெர்லினின் பேனா இசக்கிபாண்டியைக் காட்டியது.

இசக்கி காண்ட்ராக்ட் தொழிலாளி. பெரிய தலையிடம் வாயைக் கொடுத்தால் நாளைக்கு கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். ஆனால் அவனுக்குப் பொய் சொல்லவும் வராது.

"கிம்ச்சில புளிப்பு பத்தாது. இன்னும் ரெண்டு நாளு ஊறணும்" என்றான்.

சந்திரம்மாளுக்கு உயிரே போய்விட்டது. "அடப்பாவி! கவுத்துட்டியே!"

"இரு யக்கா, முடிக்கல. எங்க ரூம்ல எட்டு பேரு கெடக்கோம் சார். ஒருத்தனுக்கும் சுடுதண்ணி வைக்கத் தெரியாது. என்னத்தையாவது தின்னுட்டுப் படுப்போம். இந்த வண்டி வந்த பொறவுதான் ஷிப்ட் எப்ப முடியும்னு மணி பாக்கேன். ஏனோதானோன்னு சமைச்சா நாக்குக்குத் தெரியாதா? இது திங்கவனை நெனச்சு சமைச்ச சோறு. நல்லாருக்குன்னே எழுதிக்கிடுங்க!"

ஷெர்லின் கொரிய மொழியில் சொல்லச் சொல்ல, பார்க் சார் இசக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இசக்கிக்கு அப்போதும் வாய் அடங்கவில்லை. "இதையும் சொல்லுங்க மேடம். டெய்லி வந்து மூஞ்சியச் சுளிக்காரே, பிடிக்கலன்னா திங்காண்டாம். சமைச்ச கைய அவமானப்படுத்தக் கூடாது!"

ஷெர்லின் அதையும் அப்படியே சொன்னாள்.

பார்க் சார் எழுந்தார். நேராக இசக்கியின் முன்னால் வந்து, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர். இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் கொரிய மொழியில் என்னவோ கத்தினார். சந்திரம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். விஷயம் புரியாமலே கூட்டம் கைதட்டி ஊரைக் கூட்டியது.

"என்ன மேடம் சொல்லுதாரு? எனக்கு வேலை போச்சா?"

"வேலையை விடப்போறது அவருதான். தண்டலத்துல அக்காவோட சேர்ந்து ஹோட்டல் போடுறாராம்" என்ற ஷெர்லினுக்கே மூச்சு வாங்கியது. "'நான் சமைச்சது'ன்னு நீட்டினா ஆபீஸ்ல அத்தனை பேரும் 'சூப்பர் சார்'னுதான் சொல்வாங்களாம். உண்மையான அபிப்பிராயம் வேணும்னுதான், ரெண்டு மாசமா விடியக்காலையில எழுந்து அவரே சமைச்சு, அக்கா பேர்ல வித்திருக்கார்!"