சுவரில் சரிந்த கோடு

காலையில் சமையலறைச் சுவரைப் பார்த்த ரோஸ்லினுக்குக் கைகால் ஓடவில்லை. சொன்னதைக் கேட்டுக் காட்டும் அந்தச் சுவர்த்திரையில், கணவர் லூர்துவின் சிறுநீரக நிலையைத் தினமும் காட்டும் கோடு உச்சியிலிருந்து சரிந்து அடியைத் தொட்டிருந்தது. அவர் அதைப் பார்த்ததும் போய்ப் படுத்துவிட்டார்.

தூத்துக்குடியில் வீட்டுச் சுவர்க்கோடுகளைச் சரிபார்க்கும் பர்வீன் மதியம் வந்தாள். நோயாளியைப் பார்க்காமல், கோட்டின் ஓரத்திலிருந்த எண்களைப் பார்த்தாள்.

“சுவர்கிட்ட என்னக்கா சொன்னீங்க?”

“மூக்குக்கண்ணாடியைக் காணோம். பெருசாக் காட்டுன்னேன்.”

“அது எழுத்தைப் பெருசாக்கல, இறக்கத்தைப் பெருசாக்கிருச்சு. மேல எண்பத்தொண்ணு, கீழ எழுபத்தொம்பது. வெறும் ரெண்டுதான் கொறஞ்சிருக்கு. இந்த வயசுக்கு நல்லாவே இருக்காரு.”

அளவைப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை மாற்றினாள். கோடு மேலே ஏறி, கிட்டத்தட்ட நேராக நின்றது. ரோஸ்லின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

லூர்து மெல்ல எழுந்து வந்து கோட்டைப் பார்த்தார்.

“ஏட்டி, இந்த ரெண்டுக்கா ஃபாதரை வரவழைச்சு எல்லாப் பாவத்தையும் சொல்லித் தொலைச்சேன்?”

“அவருகிட்டதான சொன்னீங்க, எங்கிட்ட இல்லையே. உக்காருங்க” என்று ரோஸ்லின் சோற்றைப் போட்டாள்.