சூடேறாத கை

உப்பளத்திலிருந்து நேராக ஓடி வந்திருந்த சுடலைவடிவு, ஒரு மாதப் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் ஆபரேசன் அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். பிள்ளைக்குக் குடல் முறுக்கிக் கிடந்தது. இப்போதே வயிற்றைத் திறக்காவிட்டால் பிழைக்காது.

“அந்த இரும்பு மிசினுகிட்ட குடுக்க மாட்டேன். நீங்கதான பிள்ளைகளுக்கு ஆபரேசன் பண்ற டாக்டரம்மா? நீங்களே அறுங்க.”

டாக்டர் ஜெபக்கனி வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின.

“இந்தக் கைய வச்சா அறுக்கச் சொல்லுத? நான் முப்பது வருசமா செஞ்சதப் பாத்துப் படிச்சதும்மா அது. என்னவிட நல்லாச் செய்யும்.”

“அப்பம் நீங்க எதுக்கு இங்க?”

“உன்ன மாதிரி ஆளுககிட்ட ஏச்சு வாங்கத்தான்.”

சுடலைவடிவு சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயந்திரம் மேசையருகே வந்து, தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று உரசித் தேய்த்தது.

“அது எதுக்குக் கையத் தேய்க்கு?”

ஜெபக்கனி தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தார்.

“ஏசி ரூம்ல என் கை சில்லுன்னு இருக்கும். பிள்ள பயந்துரும்னு தேய்ச்சுச் சூடாக்கிட்டுத்தான் தொடுவேன். அதையும் சேத்துப் படிச்சிருக்கு. வீண் வேலைன்னு எஞ்சினியரு அந்தப் பழக்கத்த அழிக்கப்போறாராம்.”

“தேய்ச்சா அதுக்குச் சூடு வருமா?”

“வராது.”

சுடலைவடிவு கண்ணாடி வழியே இயந்திரத்தின் கைகளைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் உள்ளங்காலில் முத்தமிட்டு, டாக்டரிடம் நீட்டினாள்.

“வராட்டா போவுது டாக்டரம்மா. அழிக்க வேண்டாம்னு அவருகிட்ட சொல்லிருங்க.”